பரத்பூர்க் கல்லும் வேடந்தாங்கல் கவுலும்

டில்லி மாநகரில் வாழும் தமிழ்க் குடும்பத்தினராகிய நமக்கு மார்கழித் திங்கள் என்றதும் திருப்பாவையும் வெண்பொங்கலும் நினைவுக்கு வருதல் இயல்பே. அதே திங்களில், கம்பளியைப் போர்த்துக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் விடியற்பொழுதில், நம் தலைக்கு மேலே அணி வகுத்துச் செல்லும் காட்டு வாத்துக் கூட்டங்களை நம்மில் எத்தனை பேர் அண்ணாந்து நோக்கியிருக்கிறோம்? சைபீரியாவிலும் மத்திய ஆசியாவிலும் பனி மூடிய காலத்தில் இரை தேடித் தெற்கு நோக்கி வரும் பறவைகள் அவை. பிழைப்பின் பொருட்டுத் தெற்கிலிருந்து வடக்கே வந்தவர்கள் நாம். வடக்கிலிருந்து தெற்கே வந்தவை அவை. வழியில் எங்கோ ஓரிடத்தில் இருவரும் சந்தித்துக்கொள்கிறோம்.

அப்பறவைகளைப் பற்றியும், அவற்றை வேட்டையாடி இன்புற்றோர் பற்றியும், அவற்றைக் காத்து இன்புற்றோர் பற்றியும் இம்மலரில் சிறிது கூற விழைகின்றோம். நாம் பெரும் புலமை படைத்தவரல்லேம். பத்தாம் வகுப்புத் தேறி, ரயில்வே காரியாலயத்தில் பதிவேடு எழுதிக் காலங்கழிக்கும் குமாஸ்தா. ஆயினும் இவ்வரலாற்றை எழுதத் தூண்டியதும் ஒரு பதிவேடே. காகிதத்தில் அன்று, கல்லில் எழுதப்பட்ட பதிவேடு.

கல்லில் கண்ட கணக்கு

சென்ற குளிர்கால விடுமுறையில் நம் காலனிக் குடும்பங்கள் சில ஒன்று சேர்ந்து, புளியோதரையும் தயிர் சாதமும் கட்டிக்கொண்டு, ரயிலேறிப் பரத்பூர் சென்று வந்தோம். மதுராவைக் கடந்து கோட்டா வழியாகப் பம்பாய் செல்லும் பாதையில் உள்ளது அவ்வூர். ஊரை ஒட்டி ஏறத்தாழ 29 சதுர கிலோமீட்டர் பரப்பில் சதுப்பு நிலமும் கருவேலங்காடும் கலந்து கிடக்கின்றன. அதற்குக் கேவலாதேவ் கானா என்று பெயர். நடுவே சிவபெருமானின் சிறு ஆலயம் ஒன்று உண்டு. அவ்வாலயத்தின் அருகே நிற்கின்றது நாம் கூறிய கல்.

நம் காரியாலயப் பதிவேட்டைப் போலவே அதிலும் கட்டங்கள் உள. நாள், வேட்டைக்கு வந்த விருந்தினர், துப்பாக்கிகளின் எண்ணிக்கை, வீழ்ந்த பறவைகளின் எண்ணிக்கை என்னும் வரிசையில் எழுதப்பட்டுள்ளது. 1902-ஆம் ஆண்டு டிசம்பரில் வைசிராய் கர்சன் பிரபு வந்தபொழுது துப்பாக்கி 17, பறவை 540. 1914-இல் ஹார்டிஞ்ச் பிரபு: துப்பாக்கி 49, பறவை 4,062. ஐரோப்பாவில் மகாயுத்தம் மூண்டு மனிதர் மாண்டுகொண்டிருந்த ஆண்டு அது என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். 1916-இல் செம்ஸ்போர்டு பிரபு: துப்பாக்கி 50, பறவை 4,206. 1938 நவம்பர் 12-ஆம் நாள் லின்லித்கோ பிரபு: துப்பாக்கி 39, பறவை 4,273. கணக்கெழுதும் வழக்கத்தால் நாம் மனத்திற்குள் வகுத்துப் பார்த்தோம். ஒரே நாளில் துப்பாக்கி ஒன்றுக்குச் சுமார் 110 பறவைகள்!

உடன் வந்த பெண்குழந்தை ஒருத்தி, ஏழாம் வகுப்பில் படிப்பவள், கல்லை முழுவதும் படித்துவிட்டு நம்மை நோக்கி, "மாமா, செத்ததையெல்லாம் கல்லில் எழுதி வைத்திருக்கிறார்களே, வந்ததை யார் எழுதி வைத்தார்கள்?" என்று கேட்டாள். அவ்விடத்தில் நம்மால் விடை கூற இயலவில்லை. இக்கட்டுரை அக்குழந்தைக்குக் காலந்தாழ்த்திக் கூறும் விடையென்றே கொள்ளலாம்.

வேட்டையின் இன்பம்

பறவைகளைச் சுட்டோரெல்லாம் இரக்கமற்ற அரக்கர் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுதல் எளிது. ஆனால் அது வரலாறாகாது. இவ்வேட்டை வழக்கம் பிறந்து வளர்ந்த இடங்களுள் ஒன்று இங்கிலாந்தின் கடற்கரைச் சதுப்புகள். எசெக்ஸ், நார்போக் முதலிய மாவட்டங்களில் கடல் உள்வாங்கும்பொழுது மைல் கணக்கில் சேறு வெளிப்படும். குளிர்காலத்தில் வடகடலைத் தாண்டி வரும் வாத்துகளும் பெருவாத்துகளும் அங்கு இறங்கும். வேடன் இருள் பிரியுமுன் எழுந்து, முழங்காலளவு சேற்றில் நடந்து, நாணற்புதரில் பதுங்கி அமர்ந்திருப்பான். கடலேற்றம் எப்பொழுது, காற்று எத்திசை, எந்த இனம் எந்த நேரத்தில் மேய்ச்சலுக்குப் பறக்கும் என்பனவெல்லாம் அவன் அறிந்திருத்தல் வேண்டும். கிழக்கு வெளுக்கும் வேளையில் தலைக்கு மேல் சிறகொலி கேட்கும்போது அவன் அடையும் சிலிர்ப்புக்கு ஈடில்லை என்று அனுபவித்தோர் எழுதியுள்ளனர். பல நாட்களில் அவன் வெறுங்கையோடு திரும்புவதும் உண்டு.

1814-இல் கர்னல் பீட்டர் ஹாக்கர் என்பார் இளம் வேட்டையாளர்க்கு அறிவுரையாக எழுதிய நூல் அக்காலத்தில் பெரும் புகழ் பெற்றது. தட்டையான சிறு படகில் பீரங்கியையொத்த நீண்ட துப்பாக்கியைப் பொருத்தி, நீரின்மேல் அமர்ந்திருக்கும் கூட்டத்தின் அருகே ஓசையின்றி ஊர்ந்து சென்று, ஒரே வெடியில் பல பறவைகளை வீழ்த்தும் முறையில் அவர் வல்லவர். காத்திருத்தலும் அறிதலுமாக இருந்த இன்பம், எண்ணிக்கையில் பெருமை கொள்ளும் இன்பமாக எளிதில் மாறிவிடக்கூடும் என்பதற்கு அத்துப்பாக்கியே சாட்சி.

இவ்வழக்கத்தைப் பழகிய ஆங்கிலேயர் நம் நாட்டிற்கு உத்தியோகத்தின் பொருட்டு வந்தபொழுது, ஏரிகளும் சதுப்புகளும் அவர்களுக்குத் தாய்நாட்டை நினைவூட்டின. டில்லியை அடுத்த நஜஃப்கர் ஏரி அவர்களுடைய வாத்து வேட்டைக் களங்களுள் ஒன்று. பரத்பூரிலோ, வேட்டைக்கெனவே நீர்நிலை திருத்தி அமைக்கப்பட்டது. அத்தாழ்நிலத்தின் பக்கலில் 18-ஆம் நூற்றாண்டில் மகாராஜா சூரஜ்மல் கட்டுவித்த அஜான் அணையிலிருந்து வாய்க்கால் வெட்டி, மடைகள் வைத்து, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சமஸ்தானத்தார் அதனை வாத்துகள் விரும்பும் சதுப்பாக்கினர். ஆகவே, இன்று உலகம் போற்றும் அப்பறவைக் காடு, பறவைகளைக் கொல்லும் பொருட்டே உண்டாக்கப்பட்டது. இவ்வியப்பை மறத்தல் கூடாது.

நம் கடற்கரையில்

நம் தமிழ்நாட்டுக் கரையிலும் இத்தகைய சதுப்புகள் உண்டு. வடக்கே பழவேற்காடு, சென்னையை ஒட்டிப் பள்ளிக்கரணை, தெற்கே வேதாரணியத்தை அடுத்த கோடிக்கரை. நம் சொந்த ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கம். அங்கிருந்து அகஸ்தியம்பள்ளிக்குச் செல்லும் ரயில் பாதை நெடுங்காலம் மூடிக் கிடந்து, 2023-இல் அகலப்பாதையாக மீண்டும் திறக்கப்பட்டது. அப்பாதையின் முடிவில் உப்பளங்களும், அவற்றுக்கப்பால் பெருஞ்சதுப்பும் விரிந்து கிடக்கும். 1930-இல் இராஜாஜி தலைமையில் உப்புச் சத்தியாக்கிரகம் நிகழ்ந்த மண் அது. ஐப்பசி மழை தொடங்கியதும் பூநாரைகளும், ஊசிவால் வாத்துகளும், உள்ளான்களும் வந்து நிறையும்.

இவ்விடத்தில் ஓர் உண்மையை மறைத்தல் தகாது. நம் இளம்பிராயத்தில், சந்தைக்கு வெளியே உள்ளான்களைக் காலில் கயிறு கட்டி விற்கக் கண்டதுண்டு. நம் இல்லத்திலும் மிளகு அரைத்து அக்கறி சமைக்கப்பட்டதுண்டு. நாமும் விரும்பியே உண்டோம். விற்றவரை நாம் அறிவோம். அவர் உப்பளக் கூலி. உப்பு விளைவது வெயிற்காலத்தில். மழைக்காலத்தில் அளங்களில் வேலை இராது. வேலையற்ற அதே மாதங்களிலேதான் பறவைகள் வருகின்றன. கண்ணி வைத்தது அவர் கையாயினும், வைக்கச் செய்தது பசி. பரத்பூரில் ஒரே நாளில் நான்காயிரம் வீழ்த்திய பிரபுவின் பெயர் கல்லில் பொறிக்கப்பட்டது. பத்துப் பறவை பிடித்த கூலிக்காரரின் பெயர் அதிகாரிகளின் வழக்குப் பதிவில் ஏறியது. இரண்டும் பறவைக்கு மரணமே. எனினும் மனித நீதியின் தராசில் இரண்டும் ஒன்றல்ல.

வேடந்தாங்கல் பெற்ற கவுல்

இனி, குழந்தை கேட்ட கேள்விக்கு வருவோம். வந்ததைக் கருதியோர் யார்?

செங்கற்பட்டு மாவட்டத்தில் வேடந்தாங்கல் என்னும் சிற்றூர் உண்டு. வேடர் தங்கிய இடம் என்று அப்பெயருக்குப் பொருள் கூறுவர். ஏறத்தாழ 30 ஹெக்டேர் பரப்புள்ள அவ்வூர் ஏரியில், நீரில் நிற்கும் கடம்ப மரங்களின்மேல் கூழைக்கடாவும், நத்தை குத்தி நாரையும், நீர்க்காகமும், அரிவாள் மூக்கனும் ஆண்டுதோறும் வந்து கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. பறவைகளின் எச்சம் நீரில் கலந்து, அந்நீர் வயலிற் பாய்ந்து, தனி எருவின்றியே நெல் செழித்தலை அவ்வூரார் தலைமுறை தலைமுறையாய் அறிந்திருந்தனர்.

18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், கும்பெனிச் சிப்பாய்கள் சிலர் அவ்வேரிப் பறவைகளைச் சுட்டனர். ஊரார் வெகுண்டனர். வெகுண்டு கலகம் விளைக்கவில்லை. அந்நாளில் ஜாகீர் என வழங்கிய செங்கற்பட்டுச் சீமைக்குக் கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் என்பாரிடம் சென்று முறையிட்டனர். அவர் அம்முறையீட்டைச் செவிமடுத்து, அவ்வேரிப் பறவைகளை யாரும் சுடலாகாது என்று ஊராருக்கு உரிமை தந்து கவுல், அஃதாவது சர்க்கார் உறுதிப் பத்திரம், ஒன்று வழங்கினார். 1858-இலும் அவ்வுரிமை புதுப்பிக்கப்பட்டது.

அன்பர்களே, இதனைச் சற்றே எண்ணிப் பார்மின். பறவைப் பாதுகாப்பு என்னும் சொல்லே உலகில் பரவாத காலத்தில், எழுத்தறியாத உழவர் பலர் வாழ்ந்த ஒரு குக்கிராமம், படையின் துப்பாக்கியை ஒரு பத்திரத்தால் தடுத்து நிறுத்திற்று. கர்சன் பிரபு பரத்பூரில் தம் முதற் குண்டைச் சுடுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே இது நிகழ்ந்தது. நாரையைத் தூது விட்ட சத்திமுற்றப் புலவரின் வழிவந்தோர் என்று மேடையில் பெருமை பேசும் நாம், அந்நாரைக்காகக் கலெக்டர் வாயிலில் நின்ற அவ்வுழவரையும் நினைத்தல் வேண்டும். சிவகங்கைச் சீமையில் கொள்ளுக்குடிப்பட்டி என்னும் ஊரார், பறவைகள் அஞ்சுமென்று தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை. அதுவும் அம்மரபே.

துப்பாக்கியைக் கீழே வைத்தோர்

வேட்டையாளர் தரப்பிலும் மனம் மாறியோர் உண்டு. இந்திய தேசியக் காங்கிரஸ் 1885-இல் தோன்றக் காரணராயிருந்த ஆலன் ஆக்டேவியன் ஹியூம் துரை பறவை வேட்டையில் பெருவிருப்பினர். தம் நண்பர் மார்ஷலுடன் கூடி, இந்தியா, பர்மா, இலங்கை ஆகிய நாடுகளின் வேட்டைப் பறவைகளைப் பற்றி 1879 முதல் மூன்று தொகுதிகளாக நூல் வெளியிட்டார். தாம் சேர்த்த பல்லாயிரம் பறவை உடல்களையும் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு அளித்துவிட்டார். பின்னாளில் புலால் உண்ணுதலையும், பறவைகளைக் கொல்லுதலையும் துறந்தார்.

தென்துருவப் பயணத்தில் உயிர்நீத்த காப்டன் ஸ்காட்டின் மைந்தர் பீட்டர் ஸ்காட், மாணவப் பருவத்தில் கடற்கரைச் சதுப்புகளில் வாத்து வேட்டையே வாழ்வெனத் திரிந்தவர். பின்னர் அவரே செவர்ன் நதி கடலொடு கலக்கும் கழிமுகத்தருகே, ஸ்லிம்பிரிட்ஜ் என்னுமிடத்தில், 1946-இல் நீர்ப்பறவைக் காப்பகம் நிறுவினார். 1961-இல் உலக வனவிலங்கு நிதியத்தை நிறுவியோருள் ஒருவராகவும் விளங்கினார். நம் நாட்டின் சலீம் அலி அவர்களும் சிறுவயதில் காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டு, அஃது இன்ன இனமென அறியும் ஆவலால் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வாயிலை மிதித்தவரே. சதுப்பில் காத்திருக்கக் கற்றவர்க்கே அதன் அருமை தெரிந்தது. இறுதியில் குண்டு மட்டும் வேண்டாததாயிற்று.

சுதந்திரம் பெற்றபின் பரத்பூர்ச் சதுப்பை உழுது வயலாக்க வேண்டுமென்ற கோரிக்கை எழுந்தது. சலீம் அலி போன்றோர் முயற்சியால் அது தப்பியது. 1956-இல் பறவைச் சரணாலயமாயிற்று. ஆயினும் மகாராஜாவின் வேட்டை உரிமை நீடித்தது. 1964-இல் நடந்ததே கடைசிப் பெருவேட்டை. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991-இல் செய்த திருத்தத்தால் விளையாட்டு வேட்டை நாடெங்கும் அறவே ஒழிந்தது.

துப்பாக்கி போயிற்று, பிறகு?

இத்துடன் கதை மங்களமாய் முடிந்ததென்று எழுதிவிட நமக்கும் ஆசையே. உண்மை அவ்வாறில்லை.

பரத்பூர் 1982-இல் தேசியப் பூங்காவாயிற்று. உடனே சுற்றியுள்ள கிராமத்தார் தம் எருமைகளை உள்ளே மேய்க்கலாகாதென்று தடை விதிக்கப்பட்டது. எதிர்த்துத் திரண்டோர்மேல் போலீசார் சுட, சிலர் உயிரிழந்தனர். பறவையைக் காக்கவென்று மனிதனைச் சுட்டனர்! பின்னர் பம்பாய்க் கழகத்தார் பல்லாண்டுகள் ஆராய்ந்து கண்டது யாது? எருமைகள் மேயாமையால் புல் மண்டி நீர்ப்பரப்பை மூடி, பறவைகளுக்கே தீங்காயிற்று என்பதாம். கிராமத்தாரைக் கேட்டிருந்தால் அவர்களே இதைச் சொல்லியிருக்கக்கூடும்.

பிறகு நீர்ப் பஞ்சம் வந்தது. கம்பீர் நதியின்மேல் கட்டிய பாஞ்சனா அணையின் நீர் உழவருக்கா, பறவைக்கா என்னும் வழக்கு 2004-இல் முற்றியது. நீரின்றி அச்சதுப்பு வறண்டது. வெண்ணிறச் சைபீரியக் கொக்குகள் 1960-களில் இருநூறளவு அங்கு வந்தன. ஆண்டுக்காண்டு அருகி, 2002-க்குப் பின் ஒன்றும் வரவில்லை. சென்னையில் பள்ளிக்கரணையின் பெரும்பகுதி கட்டிடங்களுக்கும் குப்பைக்கும் இரையாயிற்று. டில்லியில் நஜஃப்கர் ஏரி வடிக்கப்பட்டுச் சுருங்கி, பெருங் கழிவுநீர்க் கால்வாயின் பெயராலேயே இன்று அறியப்படுகின்றது. எந்த வைசிராயின் துப்பாக்கியும் செய்யாததை நம் காலத்து மண்வெட்டியும் சாக்கடையும் செய்துவிட்டன. குண்டுக்குத் தப்பிய கூட்டம் அடுத்த ஆண்டு மீண்டும் வரும். நீர்நிலையே போய்விட்டால் வருதற்கு இடமேது?

ஆறுதலும் இல்லாமலில்லை. பரத்பூரில் நம்மை அழைத்துச் சென்ற சைக்கிள் ரிக்‌ஷாக்காரர், பறவைகளின் பெயர்களை இந்தியிலும் ஆங்கிலத்திலும் மளமளவென்று கூறினார். அவரைப் போன்றோர்க்குப் பூங்காவினரே பயிற்சி தந்து வழிகாட்டிகளாக்கியுள்ளனர். பறவை வந்தால்தான் அவர் வீட்டில் அடுப்பெரியும். வேடந்தாங்கல் உழவருக்கு எச்சம் எருவானதுபோல இவருக்குப் பறவை கூலியாகின்றது. அருகே வாழ்வோர்க்கு உடன்பங்கு இருக்குமிடத்தில் நீர்நிலை பிழைக்கின்றது; அவர்களை விலக்கி வேலி போட்ட இடத்தில் நலிகின்றது. இருநூறாண்டு வரலாறு நமக்குக் கற்பிக்கும் பாடம் இஃதே என்று நாம் கருதுகின்றோம். வேடந்தாங்கலும் பள்ளிக்கரணையும் 2022-இல் ராம்சார் என்னும் உலக நீர்நிலை ஒப்பந்தப் பட்டியலில் இடம் பெற்றன. பட்டியலில் பெயர் ஏறுவது நன்று. கோடிக்கரை உப்பளக் கூலிக்கு மழைக்காலத்தில் ஒரு பிழைப்பு கிடைப்பது அதனினும் நன்று.

நாம் எழுத வேண்டிய கணக்கு

டில்லியிலும் நமக்கு அருகே நீர்நிலைகள் உண்டு. ஓக்லாவில் யமுனைக் கரையில் பறவைச் சரணாலயம் 1990 முதல் உள்ளது. குர்காவ்னைக் கடந்தால் சுல்தான்பூர். குளிர்காலக் காலையில் யமுனைப் படித்துறைகளில் கடற்காகங்கள் ஆயிரக்கணக்கில் படகுகளைச் சுற்றிப் பறப்பதைக் காணக் கட்டணமும் இல்லை. விடியுமுன் எழுந்து, குளிரில் ஓசையின்றிக் காத்திருந்து, சிறகொலி கேட்டுச் சிலிர்க்கும் அந்தப் பழைய வேட்டையின்பம் முழுவதையும் நம் குழந்தைகள் அங்கே பெறலாம். துப்பாக்கிக்குப் பதிலாகக் கையில் ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

ஆம், நோட்டுப் புத்தகமே. 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரி மாதத்தில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகின்றது. சம்பளமின்றி, ஆர்வம் ஒன்றே துணையாக, ஏரிதோறும் குளந்தோறும் நின்று எத்தனை பறவை வந்தன என்று எண்ணி எழுதுகின்றனர். டில்லி நீர்நிலைகளிலும் இப்பணி நடக்கின்றது. கற்றறிந்தோர் துணையுடன் எவரும் இதிற் சேரலாம். அடுத்த பொங்கலையொட்டி நம் சங்கத்தின் சிறுவர் சிறுமியரை அவ்வாறு ஒரு காலைப்பொழுது அழைத்துச் செல்ல வேண்டுமெனச் செயற்குழுவினரைப் பணிவுடன் கேட்டுக்கொள்கின்றோம். புளியோதரை கட்டும் பொறுப்பை நாமே ஏற்கின்றோம்.

"வந்ததை யார் எழுதி வைத்தார்கள்?" என்று கேட்ட குழந்தாய், வேடந்தாங்கல் ஊரார் அதனைத் தம் வயலில் எழுதி வைத்தனர். இனி எழுத வேண்டியவள் நீ. பரத்பூர்க் கல்லில் மேலும் ஒரு வரி எழுத இனி எவருக்கும் உரிமையில்லை. உன் நோட்டுப் புத்தகத்திலோ பக்கங்கள் பல உள.